மதுரை ஞாயிறு காலை ஓவியக் கூட்டத்துக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் ஓவியக் கூட்டத்தாருக்கும், கூட்டத்தில் சேராமலேயே எங்களுக்குக் கை கொடுத்துவருகிறவர்களுக்கும் வணக்கம்.

சமுதாயக் கூடத்தில் நம் படங்களைக் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட அன்று நன்றியுரை என் பொறுப்பு. என் முறை வருவதற்குள் மைக்செட்காரர் வயரைச் சுருட்டிவிட்டார். அடுத்து அங்கே ஒரு வளைகாப்பு. அதனால்தான் இந்த மடல். ஊர் பேர் தெரிய எழுதினால் பலருக்குக் கூச்சமாக இருக்கும், ஆகவே நாம் கூப்பிடுகிற முறையிலேயே எழுதுகிறேன்.

முதல் நன்றி மாடி வீட்டுப் பாப்பாவுக்கு. கல்லூரி படிக்கிற பெண். பள்ளியில் வகுப்புத் தோழிகள் பாதிப் பேருடைய ரெக்கார்டு நோட்டில் தவளையின் ஜீரண மண்டலம் வரைந்து கொடுத்தவள் நான் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் அவளிடம் சொல்லிவைத்தேன். அந்த ஞாயிறே கதவைத் தட்டி, “ஆன்ட்டி, கிளம்புங்க, மகாலுக்குப் போறோம்” என்றாள். மார்கழிக் கோலம் தவிர முப்பது வருஷமாக நான் எதையும் வரைந்ததில்லை. கணக்குப் பேரேடு எழுதின கை.

திருமலை நாயக்கர் மகாலின் தூணைப் பார்த்து மலைக்காதவர் யார்? 1636இல் கட்டியது, இன்று நிற்பதே அன்றிருந்த அரண்மனையில் ஒரு பகுதிதான் என்கிறார்கள். ஒரு தூணை முழுசாகத் தாளுக்குள் அடக்கப் பார்த்தால் மேலே வளைவுக்கு இடமில்லை. அங்கேதான் ஆர்ட்டிஸ்ட் அண்ணன் வந்து பக்கத்தில் குந்தினார். சுவர் விளம்பரமும் கடை போர்டும் எழுதிப் பிழைத்தவர், ஃபிளெக்ஸ் வந்து தொழிலைத் தின்றுவிட்டது. “தூணை விட்டுருங்கக்கா. ரெண்டு தூணுக்கு நடுவுல தெரியுற ஆகாசத்த மட்டும் வரைங்க” என்றார். வரைந்தேன். ஆகாசத்தின் ஓரம் சரியாக வந்ததும் தூண் தானாக நின்றுவிட்டது! அண்ணே, எந்தப் பள்ளியிலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. காசு கொடுத்தால் வாங்கமாட்டேன் என்கிறீர்கள், நன்றியையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

மகால் வாட்ச்மேன் ஐயாவுக்கும் நன்றி. பென்சிலை நீட்டிக் கண்ணைச் சுருக்கி அளவு பார்ப்பதைக் கண்டு, “என்னம்மா, சர்வே எடுக்குறீங்களா?” என்று முதலில் விரட்ட வந்தவர் அவர். இப்போது எந்த வளைவில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று எங்களுக்குச் சொல்வதே அவர்தான்.

கூடத்தில் அன்று அதிகக் கூட்டம் சேர்ந்தது என் படத்தின் முன்னால் இல்லை. (சொல்வதில் எனக்கு வருத்தமும் இல்லை.) மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்துச் சிலைகளுக்கு நடுவில் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த நாளில் நம் ரிட்டயர்டு சார் அங்கேயே உட்கார்ந்து போட்ட பேனாச் சித்திரத்தின் முன்னால்தான். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன பிறகு அந்தக் காட்சி இனி கிடையாது. அங்கே தைத்துக்கொண்டிருந்த பாய் ஒருவர் படத்தைத் தொடாமல் விரலால் காட்டி, “இது என் மிஷின். இந்த யாளிக்குப் பக்கத்துலதான் டேப்பை மாட்டுவேன்” என்றார். சார் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பிரஷ் துடைக்க நமக்கு வெட்டுத் துணி மூட்டையாகக் கொடுத்தனுப்புகிறவரும் இதே பாய்தான். நன்றி பாய்.

இடத்துக்கே போய் உட்கார்ந்து கண்ணால் பார்த்து வரைகிற இந்தப் பழக்கத்தைச் சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் ஒரு கூட்டமாக்கினார், அது உலகம் பூராவும் பரவியது என்று பாப்பா சொல்வாள். இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வேறு. ஐம்பது தாண்டிய பொம்பளைக்குப் புதுசாகச் சிநேகிதம் எங்கே கிடைக்கிறது? கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள், ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர்கள், அவ்வளவுதான். இங்கே என்ன ஆட்கள் என்று யாரும் கேட்கவில்லை, சம்பளமும் கேட்கவில்லை. ஒத்தக்கடைப் பக்கம் யானைமலையைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் பேச்சே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அப்புறம் டீக்கடையில் எல்லா நோட்டையும் பெஞ்சில் விரித்தால் ஒரே மலை, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு யானை. ஒன்று பன்றி மாதிரிகூட இருந்தது. யாருடையது என்று சொல்லமாட்டேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டியை வரையச் சொல்லி நோட்டும் ஜெல் பேனாவும் கொண்டுவந்தது இந்தக் கூட்டம்தான். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்த உறவுகள் கோபிக்க வேண்டாம்.

பெஞ்சில் கலர் சிந்தினாலும் முகம் சுளிக்காத டீக்கடை மாஸ்டருக்கும், ஞாயிறு காலை இட்லி ஊற்றுவதைத் தன் வேலையாக்கிக்கொண்ட வீட்டுக்காரருக்கும் நன்றி. அவர் சட்னியில் உப்பைக் கொஞ்சம் குறைக்கலாம்.

அடுத்த ஞாயிறு தெப்பக்குளம். மாரியம்மன் கோவில் பக்கத்துப் படிக்கட்டு, காலை ஆறரை மணி. மைய மண்டபத்தை வரையப் போகிறோம். படம் வராது என்று சொல்கிறவர்களும் வாருங்கள், பென்சில் என்னிடம் உபரியாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பேரேட்டு அக்கா