திறன் வகுப்பறைப் பயிற்சியில் பிள்ளைகளின் கதைக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்: பயிற்சியைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியைத் திட்டமிடும் கல்வித்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

அரசு தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன் வகுப்பறைகள் என்று அரசு அறிவித்தது. கரும்பலகை மட்டுமே இருந்த பல அறைகளில் இன்று பெரிய திரை மாட்டியிருக்கிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. இவற்றை எப்படி இயக்குவது, பாடக் காணொளியை எங்கே தேடுவது, கியூஆர் கோடை எப்படித் திறப்பது என்றெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருகிறீர்கள். அது தேவைதான். ஆனால் பெரும்பாலும் பயிற்சி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதனால் ஆசிரியர் காணொளியைப் போடுகிறார், பிள்ளைகள் கைகட்டிப் பார்க்கிறார்கள். விலை உயர்ந்த அந்தக் கருவி பள்ளிக்கு வந்த இன்னொரு டிவியாகிவிடுகிறது.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். பிள்ளைகளே தங்கள் கதையைத் தங்கள் குரலில், தாங்கள் வரைந்த படங்களோடு இரண்டு நிமிடக் கதைப்படமாகச் செய்யும் வேலையைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை எப்படிக் கற்றுத்தர வேண்டும், எங்கே தடுக்கும் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறோம்.

இந்த முறைக்குக் கலிபோர்னியாவில் 1990களில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி முதலானோர் பட்டறை வடிவம் கொடுத்தார்கள். சொந்தக் குரல், சில படங்கள், சுருக்கமான எழுத்து ஆகியவைதான் அதன் அடிப்படை. ஆங்கிலக் கையேடுகள் பலவும் இரண்டு, மூன்று நிமிடப் படத்துக்கு 250 சொல் எழுதச் சொல்கின்றன. அந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுக்காதீர்கள். ‘வந்துகொண்டிருந்தபோது’ தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் அது மூன்று, நான்கு சொல்லாகப் பிரிந்துவிடும். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிட்டு நிதானமாகச் சொன்னால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60, 70 தமிழ்ச் சொல்தான் வரும். ஆகவே இரண்டு நிமிடத்துக்கு 120 முதல் 140 சொல் போதும். 250 சொல் எழுத வைத்தால் பிள்ளை ஓட்டமாகப் படித்து முடிக்கும், இல்லாவிட்டால் படம் நான்கு நிமிடத்துக்கு இழுக்கும். இரண்டிலும் கேட்பவர் பாதியிலேயே விலகிவிடுவார்.

வேலை கணினியில் தொடங்கக் கூடாது. முதல் பாடவேளையில் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘எங்கள் ஊர்க் கிணறு’ என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னால் கட்டுரைதான் வரும்: “எங்கள் ஊரில் ஒரு கிணறு உள்ளது. அதில் நீர் உள்ளது. அது எங்களுக்கு மிகவும் பயன்படுகிறது.” இதில் அந்தப் பிள்ளையும் இல்லை, அந்தக் கிணறும் இல்லை. அதே பிள்ளையிடம் “கிணத்த எட்டிப் பாத்தா மொதல்ல என்ன தெரியும் கண்ணு?” என்று ஆசிரியர் கேட்கட்டும். “ஆமை டீச்சர். எங்க தாத்தா சின்னப் புள்ளையா இருக்கப்ப விட்டதாம். இன்னும் இருக்கு. தண்ணி வத்துனா மட்டுந்தான் மேல வரும்” என்று பதில் வரும். கதை தொடங்கிவிட்டது. தண்ணீர் வற்றிய ஆண்டு, ஆமையைத் தேடிய நாள், தாத்தா சொன்னது என்று மீதி தானாகச் சேரும். பயிற்சியில் ஆசிரியர்கள் பழக வேண்டியது இப்படிக் கேட்கும் கேள்வியை. மென்பொருளின் பொத்தான்களை அரை மணியில் கற்றுக்கொள்ளலாம். இந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்துக்கு அரை நாள் வேண்டும்.

மொழி பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறோம். குரல் பேச்சுத் தமிழில், அந்தப் பிள்ளையின் ஊர் வழக்கில் இருக்கட்டும். ‘வத்துனா’ என்பதை ‘வற்றினால்’ என்று திருத்தினால் எழுத்துத் தமிழை ஒப்பிக்கும் குரலாகிவிடும். தலைப்பு, படத்தின் கீழ் ஒரு வரி, முடிவில் பெயர்ப்பட்டியல் ஆகியவற்றை எழுத்துத் தமிழில் எழுத வையுங்கள். பேசும் தமிழும் எழுதும் தமிழும் எங்கே மாறுகின்றன என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் இலக்கணப் பாடம் கிடையாது.

பதிவு செய்யும்போது பெரும்பாலான பிள்ளைகள் செல்போனைக் கண்டதும் மேடைப் பேச்சுக்கு மாறிவிடுவார்கள். நம்மிடமே இதற்கு வழி இருக்கிறது. வில்லுப்பாட்டில் ஆமாம் போடுபவர் இருக்கிறார். பாட்டி கதை சொன்னால் பேரப்பிள்ளை உம் கொட்டுகிறது. கதை சொல்லும் பிள்ளைக்கு எதிரே ஒரு பிள்ளையை உட்கார வைத்து உம் கொட்டச் சொல்லுங்கள். “அப்புறம்?” என்று ஒருவர் கேட்கும்போது எவரும் ஒப்பிக்க மாட்டார்கள். அந்த ‘உம்’ பதிவில் கேட்டாலும் கெடுதல் இல்லை, கதைக்கு அழகுதான்.

ஒலிதான் இதில் அதிகம் கெடும் இடம். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் புரியாவிட்டால் எழுந்துவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டும். செல்போனை விமான நிலையில் (ஏரோபிளேன் மோடு) போட வேண்டும். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி. நேரெதிரே வைத்தால் ‘ப’கரம் வரும்போதெல்லாம் காற்று மோதி டப்பென்று ஒலிக்கும், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். சிமெண்ட் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள வகுப்பறையில் குரல் எதிரொலிக்கும். புத்தக அலமாரி ஓரமாக, இரண்டு பக்கமும் பைகளை அடுக்கி, பின்னால் ஒரு சேலையையோ போர்வையையோ தொங்கவிட்டால் பெருமளவு குறையும். கதை முழுவதையும் ஒரே மூச்சில் பதிவு செய்யாமல், ஒரு படத்துக்கு ஒரு பதிவாக 01, 02 என்று எண்ணிட்டுச் சேமிக்க வேண்டும். ஏழாவது வரியில் மணி அடித்தால் ஏழாவதை மட்டும் திரும்பச் சொன்னால் போதும்.

படங்களுக்கு எட்டு முதல் பத்துத் தாள். இரண்டு நிமிடத்தை அதால் வகுத்தால் ஒரு படம் 12 முதல் 15 நொடி நிற்கும். ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, மேலும் கீழும் இரண்டு செ.மீ. விட்டுக் கோடு போட்டு, இடையில் மட்டும் வரையச் சொல்லுங்கள். தாள் 29.7 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம், திரையோ 16க்கு 9. கோடு போடாவிட்டால் திரைக்கு ஏற்ப வெட்டும்போது ஆமையின் ஓடு போய்விடும், வெட்டாவிட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். தாளை நெட்டாக வைத்து வரைந்துவிட்டால் சரிசெய்ய வழியே இல்லை, திரும்ப வரைய வேண்டியதுதான். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு இணையாகப் பிடித்து எடுக்க வேண்டும். தலைக்கு மேல் விளக்கு எரிந்தால் எடுப்பவரின் கை நிழல் நடுவில் விழும்.

கோப்பதற்குப் பவர்பாயிண்டே போதும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம், ஒரு ஒலி; ஒலி தானாகத் தொடங்குமாறு அமைத்து, நேரம் வைத்து, காணொளியாகச் சேமிக்கலாம். 2010 பதிப்பு டபிள்யூஎம்வி வடிவில்தான் தரும். 2013 முதல் எம்பி4 கிடைக்கிறது. 2007 பதிப்பில் செய்யும் பள்ளிகளுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் எம்பி3 ஒலி கோப்புக்குள் சேராது, இணைப்பு மட்டுமே இருக்கும். பிபிடியை மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போனால் ஆண்டுவிழா மேடையில் படம் ஓடும், சத்தம் வராது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, ஃபோல்டரோடு எடுத்துச் செல்ல வேண்டும். பழைய போன்களின் ரெக்கார்டர் ஏஎம்ஆர் வடிவில் சேமிக்கும். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில், அதற்கான துணைநிரலோடு, எம்பி3 ஆக்கிக்கொள்ளலாம். சில புதிய போன்கள் எச்265 முறையில் காணொளி எடுக்கின்றன. பழைய திரைகளில் ஒலி மட்டும் கேட்கும், படம் வராது. கேமரா அமைப்பில் எச்264க்கு மாற்றுவது ஒரு நிமிட வேலை, ஆனால் தெரியாதவருக்கு ஒரு நாள் போய்விடும். முடித்த படத்தை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் தெளிவு குறையும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும்.

எழுத்துரு பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பயிற்சியில் வேண்டும். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. தமிழ்99 விசைப்பலகை 1999இல் தரப்படுத்தப்பட்டது. இருந்தும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பிபிடிகள் இன்னும் ஆசிரியர் குழுக்களில் சுற்றுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத திரையில் திறந்தால் பாடம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். யூனிகோடில் அடித்தாலும் கணினியில் நிர்மலா எழுத்துருவில் இருந்தது ஆண்ட்ராய்டு திரையில் வேறு எழுத்துருவுக்கு மாறி, வரி நீண்டு, கடைசிச் சொல் கட்டத்துக்கு வெளியே போய்விடும். ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் இது வராது. சில காணொளிச் செயலிகளுக்குத் தமிழ் எழுத்துச் சேர்க்கை தெரியாது. ‘கொ’ வரவேண்டிய இடத்தில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். தலைப்பைப் பிள்ளையே தாளில் வண்ணப் பென்சிலால் எழுதிப் படமெடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை, பார்க்கவும் அதுதான் நன்றாக இருக்கும்.

அளவையும் சொல்கிறோம். 55 அங்குலத் திரையில் 36 புள்ளி எழுத்து என்பது மேல்கொக்கி, கீழ்வால் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய நாலரை செ.மீ.; ‘க’வின் உடல் அதில் பாதிதான். 36க்குக் கீழே போனால் கடைசி வரிசைப் பிள்ளைக்கு ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத்தான் தெரியும். பவர்பாயிண்டின் புதிய வார்ப்புருக்களில் வரி இடைவெளி 0.9 என்று இருக்கும். அது ஆங்கிலத்துக்குப் போதும். தமிழில் மேல்வரி ‘கு’வின் வால் கீழ்வரி ‘கீ’யின் கொக்கியில் இடிக்கும். 1.2 ஆக்கச் சொல்லுங்கள்.

ஸ்லைடில் ஒரு பத்தியை இட்டு, அதையே சொல் மாறாமல் வாசிப்பது மற்றொரு பழக்கம். பேச்சோடு அதே சொற்கள் முழுவதையும் எழுத்தாகவும் காட்டினால் கற்றல் பெரும்பாலும் குறைகிறது என்பதை கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. கண் எழுத்துக்கும் படத்துக்கும் இடையே அலைகிறது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்தில் நிலைமை வேறு. சொல்லும்போதே அந்தச் சொல் நிறம் மாறினால் அது வாசிப்புப் பயிற்சியாகிறது. பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்த ஒரே மொழி வசனவரி (பேசும் மொழியிலேயே திரையில் எழுத்தும் ஓடுவது) இந்த எண்ணத்தில்தான் எழுந்தது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுத்தோடு குரல், மேல் வகுப்புக்குப் படத்தோடு குரல் என்று பயிற்சிக் கையேட்டில் பிரித்து எழுதுங்கள். அதே சின்ன வகுப்புகளுக்கு, 2015 முதல் இருக்கும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பதிவிறக்கி இணையமில்லாமல் காட்டலாம், பெயர் குறிப்பிட்டு மாற்றியும் எழுதலாம்.

பின்னணிக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம். பதிப்புரிமைச் சிக்கல் ஒருபுறம். அதைவிட முக்கியம், பாட்டு குரலை விழுங்கிவிடும். பிள்ளைகள் மேசையில் தட்டும் தாளமும் கும்மியும் போதும்.

அதிகம் யோசிக்காமல் நடப்பது ஒன்று உண்டு. பிள்ளையின் முகம், பெயர், பள்ளி மூன்றும் தெரியும் காணொளி ஆர்வத்தில் முகநூலுக்கும் யூடியூபுக்கும் போய்விடுகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. தமிழில், பெற்றோருக்குப் புரியும் நடையில், ஒரே பக்க ஒப்புதல் படிவம் ஒன்றைத் துறையே தயாரித்து அனுப்ப வேண்டும். வரைந்த படமும் குரலும் மட்டும் உள்ள கதைப்படத்தில் முகம் தேவையே இல்லை என்பது இந்த முறையின் நன்மைகளில் ஒன்று.

முப்பது பேர் உள்ள வகுப்பில் ஐந்து ஐந்து பேராக ஆறு குழு. கதை சொல்ல ஒரு பாடவேளை, எழுத ஒன்று, வரைய ஒன்று. பதிவுக்கு இரண்டு வேண்டும். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றாலும் ஆறு குழுவுக்கு 72 நிமிடம் ஆகிறது. கோக்க ஒன்று, காட்டிப் பேச ஒன்று. மொத்தம் ஏழு. இந்த ஏழும் பாடத்துக்கு வெளியே கூடுதல் சுமையாகாமல், வளரறி மதிப்பீட்டின் (பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் மதிப்பீடு) செயல்பாட்டில் ஒன்றாக இதை ஏற்கலாம் என்று தெளிவான சுற்றறிக்கை வேண்டும். மதிப்பெண் எஃபெக்டுக்கும் அனிமேஷனுக்கும் போகக் கூடாது. கதை அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்கிறதா, குரல் புரிகிறதா, படம் குரல் சொல்லாததைக் காட்டுகிறதா, வேண்டாத வரியை எடுத்தார்களா என்ற நான்குக்கும் ஐந்தைந்து மதிப்பெண் கொடுத்தால் இருபது.

பயிற்சியின் முதல் நாளில் ஆசிரியர்களே தலா ஒரு இரண்டு நிமிடக் கதைப்படம் செய்து முடிக்கட்டும். விளக்கவுரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அன்றே யூனிகோடு எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை, ஆடாசிட்டி, காணொளி கோக்க ஓபன்ஷாட், ஒப்புதல் படிவம் எல்லாம் அடங்கிய பென்டிரைவ் ஒன்று கொடுங்கள். பல பள்ளிகளில் அவ்வளவையும் பதிவிறக்கும் அளவுக்கு இணைய வேகம் இல்லை. இரண்டாம் நாளை ஒரு மாதம் தள்ளி, குறுவள மைய (அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கான மையம்) அளவில், அவரவர் பிள்ளைகள் செய்த படங்களோடு வையுங்கள். எந்தப் படத்தில் சத்தம் வரவில்லை, எதில் எழுத்து உடைந்தது என்று அந்த நாளில் உட்கார்ந்து திருத்தலாம்.

இப்படிக்கு,
பிள்ளைகளோடு கதைப்படம் செய்துவரும் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள்