கண்மாய்க்கரை அய்யனார் கோயில் மற்றும் கண்மாய் மராமத்துத் திருப்பணி: நிறைவு அறிக்கை

தலைக்கட்டுதாரர்களுக்கும் வெளியூரிலிருந்து வரி அனுப்பிய பங்காளிகளுக்கும் திருப்பணிக் கமிட்டியின் வணக்கம்.

கோயில் வேலை முடிந்து கும்பாபிஷேகமும் நடந்ததை எல்லோரும் பார்த்தாயிற்று. வரவு செலவு ரசீதுகளோடு மண்டபத்தில் ஒட்டியிருக்கிறது. கோயில் காசைக் கண்மாயில் ஏன் போட்டீர்கள், போட்டதுதான் போட்டீர்கள், இன்னும் ஆழம் எடுத்திருக்கக் கூடாதா என்று பலர் கேட்கிறீர்கள். அதற்குத்தான் இது.

அய்யனார் கரையில் உட்கார்ந்திருப்பதே கரைக்குக் காவலாகத்தான். நம் பிள்ளைகள் கண்மாயை இயற்கை என்று நினைக்கிறார்கள். இங்கே இயற்கையாக இருந்தது சரிவு மட்டும்தான். அதன் குறுக்கே மண்ணைக் கொட்டி, மழை பெய்யும் மூன்று மாதத் தண்ணீரைப் பிடித்து, நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும்படி கோத்தவர்கள் மனிதர்கள். தமிழ்நாட்டில் இப்படி 39 ஆயிரத்துக்கும் மேல் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன.

ஆழம் விஷயம். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது, மாடு குடிக்கும், மீன் கிடக்கும், அவ்வளவுதான். அடியில் இருக்கும் களியைக் கிழித்துவிட்டால் அதுவும் கீழே இறங்கிவிடும். கிணறு ஊறும் என்றார்கள், சரி, ஆனால் தை அறுப்பு வரை நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமே. அதனால் மேலே படிந்த வண்டலை மட்டும் வழித்து வயலில் போட்டோம், கரையின் காலடியில் ஒரு கூடை மண்கூட எடுக்க விடவில்லை.

பெரிய வேலை குமிழியில்தான், அதாவது கண்மாய்க்குள்ளிருந்து தண்ணீரைத் திறந்துவிடும் பழைய கல் மடையில். கண்மாயின் உள்வாயில் இரண்டு கல்தூண் நிற்குமே, அதன் கீழே தொட்டி. மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. அடித்துளையைத் திறந்தால் சேற்றுத் தண்ணீர் வயலுக்கு உரமாகப் போகும், கண்மாயும் சீக்கிரம் மேடாகாது. முன்பு நடந்த ஏதோ ஒரு மராமத்தில் அதைச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள். உளி வைத்துக் கொத்தி எடுத்தபோது துளையின் விளிம்பில் கல் வழவழவென்று தேய்ந்திருந்தது, அடைப்புக் கட்டையை ஏற்றி இறக்கியே தேய்ந்த தேய்மானம். கை வைத்துப் பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஊரார் கூடிக் கண்மாயைத் தாங்களே செப்பனிடும் குடிமராமத்தை இப்போது பெருமையாகப் பேசுகிறோம். 1858இல் சென்னை மாகாணத்தில் இதற்கென்றே கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். வழக்கத்தால் வந்தவனைச் சட்டத்தால் கூப்பிட்டால் வருவானா? 2017இல் அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. ஆனால் பழைய குடிமராமத்தில் மண் சுமந்தவர்களில் பலருக்குக் கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் ஒரு குழி நிலம் கிடையாது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே இந்த முறை இலவச வேலை என்று யாரையும் கூப்பிடவில்லை, எல்லோருக்கும் கூலி கொடுத்தோம். செலவு கூடியதற்கு அதுவே முதல் காரணம்.

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம், வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களைக் கேட்டுவிட்டு மேட்டுப் பக்கம் கொஞ்சம் விட்டிருக்கிறோம். கரைப் பனையைத் தொடவில்லை.

அப்புறம் எங்கள் தவறு. எல்லாம் முடித்துவிட்டு முதல் மழைக்குக் காத்திருந்தோம், தண்ணீர் பாதிகூட வரவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலிலேயே நடந்து போய்ப் பார்த்தால், ரோட்டுக்கு அடியில் போட்ட குழாய் கால்வாய்த் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கமே தண்ணீர் கண்மாய்க்கு வராமல் தேங்கிக் கிடக்கிறது. முதலிலேயே நடந்திருக்க வேண்டும், மண் அள்ளுகிற ஆர்வத்தில் விட்டுவிட்டோம். மனு கொடுத்திருக்கிறோம், பதில் இல்லை.

மீதிப் பணம் அதற்காக வங்கியில் இருக்கிறது. மடை திறக்க நீர்ப்பாய்ச்சி ஒருவர் வேண்டும். அவருக்குக் கூலியாக அறுப்புக் களத்தில் வயலுக்கு எத்தனை மரக்கால் நெல் என்று ஆடி வெள்ளிக் கூட்டத்தில் பேசி முடிப்போம். கீழ்மடைக்காரர்கள் தவறாமல் வாருங்கள், போன தடவை உங்களில் ஒருவரும் வரவில்லை.