அடைபடாத குடிநீர் வடிகட்டி பற்றிய முறைப்பாடு

களுவாஞ்சிகுடி,
மட்டக்களப்பு.
30.12.2024

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

கடந்த செப்டெம்பரில் உங்கள் மட்டக்களப்பு விற்பனை நிலையத்தில் 14,500 ரூபாய் கொடுத்து, பீங்கான் குழல் பொருத்திய இரண்டு தட்டுக் குடிநீர் வடிகட்டி ஒன்று வாங்கினேன். அது அடைபடவே இல்லை. இதுதான் என் முறைப்பாடு. அடைபட்டுவிட்டது என்று எழுதுபவர்களைத்தான் நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆகவே தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள்.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். கிணறுகள் ஆழமற்றவை, மலசலகூடக் குழிகளும் அதே மணலில்தான் இருக்கின்றன. நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் எங்கள் கிணற்றுக் கட்டைத் தாண்டியது. வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் இட்டுச் சென்றார். ஆனாலும் நீர் அரிசி கழுவியது போலக் கலங்கியே இருந்தது. அதை மூன்று வாரம் உங்கள் வடிகட்டியில் ஊற்றினேன். மேல் தட்டைத் திறந்தால், குழல் வாங்கிய நாளில் இருந்த வெண்மையோடு நிற்கிறது. கீழ்த் தட்டில் குழாய் வாயருகே விரலால் தொட்டேன். மஞ்சள் மாவு போல நுண்சேறு ஒட்டிக்கொண்டது.

மணிக்கு 2 லீற்றர் வடியும் என்கிறது உங்கள் துண்டுப்பிரசுரம். என் வீட்டில் 8 லீற்றரும் 40 நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. பார்க்க வந்த உங்கள் தொழில்நுட்பவியலாளர், “தண்ணீர் நன்றாக ஓடுகிறது அம்மா, ஓட்டம் நின்றால்தான் உத்தரவாதத்தில் மாற்றலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். இதை என்னால் ஏற்க முடியாது. பீங்கான் வெறும் அரிதட்டு அல்ல. அதன் நுண்துளைகள் வளைந்து நெளிந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பாதைகள். துளையை விடப் பெரிய துகள் வாசலிலேயே நிற்கும். சிறியது உள்ளே போய், திருப்பங்களில் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளை நீர் மூலக்கூறுகள் இடைவிடாது இடித்து அலைக்கழிப்பதால் அதுவும் சுவரைத் தொட்டுவிடும். 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டுக் காட்டிய அசைவு அது. மணல் வடிகட்டியில் அதிகம் தப்புவது, சுவரில் மோதும் அளவுக்குப் பெரிதும் அல்லாத, அப்படி அலைக்கழியும் அளவுக்குச் சிறிதும் அல்லாத, ஏறத்தாழ 1 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள். வயிற்றுக் கிருமிகள் பலவற்றின் அளவும் அதுவே. பீங்கானைத் தேடி நாங்கள் காசு கொடுப்பது அதற்காகத்தான். ஒட்டிய துகள்கள் பாதையைக் குறுக்கும், ஓட்டம் தளரும், குழலைத் தேய்த்துக் கழுவ வேண்டிவரும். சேற்றுநீர் ஊற்றியும் தளராத வடிகட்டியில், நீர் வேறு வழியால் போகிறது என்றே பொருள்.

அந்த வழியையும் கண்டுபிடித்தேன். குழலை ஓர் இரவு ஊறவைத்து, வாளி நீரில் அமிழ்த்தி, அதன் தண்டு வழியாக ஊதினேன். பிளாஸ்டிக் அடித்தட்டோடு பசையிட்டு ஒட்டிய இடத்தில், தலைமுடி போன்ற ஒரு கீறலிலிருந்து குமிழிகள் வரிசையாக ஏறின. மற்ற இடங்களில் ஒன்றுகூட இல்லை. 1 மைக்ரோன் துளையில் நிற்கும் நீரைத் தள்ள ஏறத்தாழ மூன்று வளிமண்டல அழுத்தம் வேண்டும்; என் மூச்சுக்கு அதில் முப்பதில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. அந்தக் கீறல் பத்து, இருபது மைக்ரோனாவது அகலம் இருக்க வேண்டும். கிருமிக்கு அது பெருந்தெரு.

இந்த மாதம் என் பேத்திக்கு நான்கு நாள் வயிற்றோட்டம். இந்த நீரால்தான் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வடித்த நீர் என்று நம்பி அவளுக்கு ஊற்றிக் கொடுத்தது நான்தான். அந்த நினைப்பு என்னை உறங்க விடவில்லை.

பெட்டியில் “உவர் நீக்கும்” என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். கரைந்த உப்பைப் பீங்கான் பிடிக்காது. அதை அழித்துவிடுங்கள்.

கீறலற்ற குழலும் புதிய இறப்பர் வளையமும் செலவின்றித் தர வேண்டும். இயலாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இதே உற்பத்தித் தொகுதியில் வந்து விற்ற குழல்களையும் ஊதிப் பாருங்கள். வெள்ளத்துக்குப் பின் இப்பகுதியில் பலர் இவற்றை வாங்கியிருக்கிறார்கள். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன்.

பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன். பழைய குழலை ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வரட்டும், வாளி நீரில் நானே ஊதிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை