நம்பி மலை நடை: ஞாயிறு, மே 17

எல்லாருக்கும் வணக்கம். அக்னி நட்சத்திரத்துல மலை ஏறணுமான்னு பாதிப் பேர் கேட்டாச்சு. நியாயமான கேள்விதான். ஆனா ஊரே கொதிக்கும்போது நம்பியாத்துல கால வைக்கிற சுகம் மார்கழியில கிடைக்காதுல்லா! அதனால போறோம், நேரத்தை மட்டும் முன்னால இழுத்தாச்சு.

1. காலை 5.30, திருக்குறுங்குடி பெரிய கோயில் வாசல். வனத்துறை செக்போஸ்ட்ல விட்டதும் நடை. 11 மணிக்குள்ள கீழ இறங்கிரணும். வனத்துறை அடைச்சா ரத்து.
2. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணி, எவர்சில்வர் பாட்டில்ல. ஓஆர்எஸ் பாக்கெட் 2. வெறும் தண்ணியாவே குடிச்சா வேர்வையில போன உப்பு திரும்பாது.
3. காட்டன் சட்டை, தொப்பி, நனைச்சுப் போட ஒரு துண்டு. ஜீன்ஸ் வேண்டாம்.
4. தலைசுத்தல், குமட்டல், கெண்டைக்கால் இழுத்தா வீம்பு பண்ணாம சொல்லுங்க, நிழல்ல உட்காருவோம். பேச்சு குழறி ஆள் தடுமாறினா அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே 108-க்கு அடிக்கணும். மேல சிக்னலை நம்ப முடியாது, யாரும் தனியா முந்திப் போகாதீங்க.
5. பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க.
6. முந்தின ராத்திரி 'பார்ட்டி' கூடாது. யாருன்னு பேர் சொல்லல.

இறங்கினதும் நுங்கு, பதநீர் குழுச் செலவு. வர்றவங்க வியாழன் ராத்திரிக்குள்ள பேரும் வயசும் போடுங்க. கட்டைவிரல் மட்டும் காட்டினா கணக்குல சேராது.