கிளைவ் பர் நினைவு மாலை: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

லண்டன் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், இல்ஃபர்ட் நண்பர்களுக்கும், அன்று தொலைவிலிருந்து ரயிலேறி வந்தவர்களுக்கும் வணக்கம்.

அயர்ன் மெய்டன் என்ற ஆங்கில ஹெவி மெட்டல் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களுக்கு ட்ரம்ஸ் வாசித்த கிளைவ் பர் 2013 மார்ச் 12 அன்று தன் வீட்டில், தூக்கத்திலேயே காலமானார். வயது 56. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அது தெரிந்திருந்தும், மறுநாள் செய்தி வந்தபோது எங்களில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. ஆளாளுக்கு ஃபோன் செய்துகொண்டோம். நாலு பேர் சேர்ந்து பழைய ரெக்கார்டு கேட்கலாம் என்று ஆரம்பித்த பேச்சு, ஒரு ஹால், மேடை, சாப்பாடு, உண்டியல் என்று வளர்ந்துவிட்டது. அது நல்லபடியாக நடந்து முடிந்ததற்குக் காரணமானவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் வேண்டாம் என்று பெரும்பாலானோர் சொல்லிவிட்டார்கள். ஆகவே யார் பெயரும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்கே தெரியும்.

ஏற்பாட்டில் இறங்கிய நாளிலிருந்து எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, “அவர் உங்களுக்கு என்ன முறை?” என்பதுதான். முதலில் இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த ஒரு மண்டபத்தில்கூட இதைத்தான் கேட்டார்கள். உறவும் இல்லை, நேரில் பார்த்ததும் இல்லை, ஹெவி மெட்டல் வாசித்தவர் என்றதும், தேதி ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்கள். சரி, அவர்களைச் சொல்லி என்ன? எங்கள் வீடுகளிலேயே பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கிளைவ் பிறந்ததே ஈஸ்ட் ஹாமில்தான். நாம் முருங்கைக்காய்க்கும் தோசை மாவுக்கும் போகிற ஹை ஸ்ட்ரீட் நார்த்தில்தான் ரஸ்கின் ஆர்ம்ஸ் என்ற பப் இருந்தது. ஆல்பம் எதுவும் வெளிவராத காலத்தில் மெய்டன் அடிக்கடி வாசித்த இடங்களில் அதுவும் ஒன்று. அப்படிப் பார்த்தால் அவர் நம் ஊர்க்காரர், நாம்தான் பின்னால் வந்து சேர்ந்தோம்.

கடைசியில் ஹால் கொடுத்தது, அதைப் பராமரிக்கும் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. நாங்கள் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார். இளவயதில் ரஸ்கின் ஆர்ம்ஸுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தாராம். ரசிகராக இருப்பார் என்று ஆவலோடு கேட்டால், அந்தச் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தவர் அவர்! ஒரு நாள்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லையாம். “இப்போதாவது கேட்கிறேன்” என்று சொல்லிப் பாதி வாடகைதான் வாங்கினார். நிகழ்ச்சி முடியும்வரை கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிடித்ததா இல்லையா என்று சொல்லவில்லை. நாற்காலிகளை அடுக்கும்போது மட்டும் கூடவே வந்து கைகொடுத்தார். தாத்தா தமிழ் படிக்க மாட்டார், இதை யாராவது அவருக்கு வாசித்துச் சொல்லுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் நாங்கள் சிப்ஸ் பாக்கெட்டும் கோக்கும் போதும் என்றுதான் நினைத்திருந்தோம். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தன் கடையிலிருந்து மரக்கறி ரோல்ஸும் வடையும் தட்டுத் தட்டாக அனுப்பிவைத்தார். காசு எடுத்துக்கொண்டு போனபோது, “செத்தவீடெண்டா செத்தவீடுதான், வந்த பிள்ளையள் பசியோட போகக்கூடாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அக்காவுக்கு மெய்டன் பாட்டு ஒன்றும் தெரியாது. மெய்டனின் சின்னமான எடி பொம்மை போட்ட டி-ஷர்ட்டைப் பார்த்து, “இதென்ன பேய்” என்று கேட்டவர். எங்களிடம் என்ன முறை என்று கேட்காத ஒரே ஆளும் அவர்தான்.

ட்ரம் செட் கொடுத்த கல்லூரி மாணவருக்கும், அதைக் காய்கறி வேனில் ஏற்றி இரண்டு மாடி சுமந்துவந்த அண்ணனுக்கும் நன்றி. அந்த வேனின் வெங்காய வாசனை சிம்பலில் இன்னும் இருப்பதாகக் கேள்வி. நேரடியாக வாசிப்பதா, ரெக்கார்டு போட்டால் போதாதா என்று நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது, எங்களை வாசிக்கவைத்தவர் மிருதங்க வாத்தியார். “வாசிச்சவனை வாசிச்சுத்தான் அனுப்பணும்” என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது?

அவருக்கு நாங்கள் முதலில் போட்டுக் காட்டியது ‘ரன் டு த ஹில்ஸ்’. அந்தப் பாட்டு ட்ரம்ஸோடு தனியாகத்தான் தொடங்கும், கிடார் பின்னால் வந்து சேரும். ‘ரன்னிங் ஃப்ரீ’யும் அப்படித்தான். ‘த பிரிசனர்’ பேச்சுக்குரலில் ஆரம்பித்தாலும், பேச்சு முடிந்ததும் கிளைவ்தான் முதலில் வருவார். ஒரு குழு தன் பாட்டின் வாசலில் திரும்பத் திரும்ப ட்ரம்மரைத் தனியாக நிறுத்துகிறது என்றால் அவர்மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்! மெய்டனில் பாஸ் கிடார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸின் ஓட்டத்தை வாத்தியார் தன் தொடையில் தட்டி, ‘தாம்கிட தாம்கிட’ என்று சொல்லிப் பார்த்தார். மெய்டன் ரசிகர்கள் குதிரைப் பாய்ச்சல் என்று சொல்லும் அந்த நடைதான் அது. “எல்லாரும் ஓடறப்ப இவன் மட்டும் ஓடலை பார், ஓடறவங்களுக்குத் தரையா இருக்கான்” என்றார். பாடகர் ஒரு வரியை முடித்து அடுத்ததை எடுப்பதற்குள் ஸ்நேர் ட்ரம்மில் சரசரவென்று ஒரு உருட்டு உருட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தாளத்துக்குத் திரும்பிவிடுவது கிளைவின் கைவேலை. மெட்டல் ட்ரம்மர் என்றால் இடிப்பவர் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதை அன்று மேடையில் அப்படியே கொண்டுவந்த இரண்டு பையன்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் எங்கள் கைதட்டல். அந்தப் பெண் வாத்தியாரின் மாணவி, ட்ரம் ஸ்டிக் பிடித்ததே அந்த வாரம்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

‘கேங்க்லேண்ட்’ வாசிக்கலாமா வேண்டாமா என்பதில் ஒரு சண்டை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1982-இல் வந்த ‘த நம்பர் ஆஃப் த பீஸ்ட்’ ஆல்பத்தில் அது சோப்ளாங்கிப் பாட்டு, அதில் சேர்க்காமல் விட்ட ‘டோட்டல் எக்லிப்ஸ்’தான் உள்ளே வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான அபிப்பிராயம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பாட்டையும் எழுதியவர்களில் கிளைவ் ஒருவர். எப்படியும் அவர் கட்சிதான் ஜெயித்திருக்கும். எனக்கு ‘கேங்க்லேண்ட்’ பிடிக்கும், அதன் தொடக்கத்து ட்ரம்ஸுக்காகவே பிடிக்கும். வாசித்தோம். எதிர்த்தவர்களும் தலையாட்டியதைப் பார்த்தேன்.

அன்று மாலை எல்லோரையும் அசையாமல் உட்காரவைத்தவர், எம்.எஸ். நோயோடு வாழும் நம் சகோதரி. மேடைக்கு வருவாரா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. அந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரியை விட்டுவிட்டு நம் நரம்புகளின் மேலுறையையே அரிக்கிறது, மூளை அனுப்பும் சேதி கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் சரியாகப் போய்ச்சேருவதில்லை என்று அவர் விளக்கினார். தொற்றாது. 2013 வாக்கில் இந்த நாட்டில் ஏறத்தாழ 1,00,000 பேருக்கு இருந்ததாகக் கணக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஒருவருக்கு வருவதுபோல் இன்னொருவருக்கு வராது. நம்மவர்கள் பலர் இதைப் பக்கவாதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அல்லது வெளியே சொல்லவே மாட்டார்கள். “நடக்கேலாமப் போறது ஆக்களுக்குத் தெரியும். களைப்பு தெரியாது. சோம்பேறி எண்டு சொல்லுவினம்” என்று அவர் சொன்னபோது ஹாலில் சத்தமே இல்லை. பிறகு அவரே, “ஸ்டிக் பிடிக்கிற தொழிலில இருந்தவருக்கு இந்த வருத்தம் வந்தால் எப்படியிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டு, பாட்டைப் போடச் சொன்னார். நிகழ்ச்சி முடிந்ததும் மூன்று குடும்பங்கள் அவரைத் தனியே சந்தித்துப் பேசின. அவர்கள் பேசியதை அவர்களோடு விட்டுவிடுகிறேன். அக்கா, உங்களுக்கு நன்றி என்று எழுதினால் குறைவாகத்தான் இருக்கிறது.

இந்த மடல் போய்ச்சேராத இடத்திலும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். சாம்சன் குழுவிலிருந்த கிளைவ் 1979 இறுதியில் மெய்டனில் சேர்ந்தார், 1982 முடிவில் விலகினார். சுற்றுப்பயணத்தின் நடுவே அப்பா இறந்துபோக, காரியத்துக்கு ஊர் வந்து திரும்பியபோது தன் இடம் போயிருந்தது என்பது அவர் பிற்காலத்தில் சொன்ன கதை. ஓயாத பயணமும் இரவுக் கொண்டாட்டமும் வாசிப்பைப் பாதித்தன என்பது மறுதரப்பு. இதைப் பற்றி அன்று டீ இடைவேளையில் இரண்டு அணியாகப் பிரிந்து சத்தம் போட்டவர்கள் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. எப்படியிருந்தாலும், இருபது வருடம் கழித்து, நோயும் வைத்தியச் செலவின் கடனுமாக அவர் இருந்தபோது, அதே குழு 2002 மார்ச்சில் பிரிக்ஸ்டன் அகாடமியில் மூன்று இரவுகள் அவருக்காக வாசித்தது. அவர் பெயரில் ஒரு எம்.எஸ். அறக்கட்டளையும் தொடங்கியது. ‘ரன் டு த ஹில்ஸ்’ சிங்கிளை மறுபடி வெளியிட்டு, அந்த வருமானத்தையும் அதற்கே கொடுத்தது. 2007 ஜூனில் மறுபடியும் பிரிக்ஸ்டனில் ஒரு கச்சேரி. பிரிந்துபோன பங்காளிக்கு நம் ஊரில் யார் இவ்வளவு செய்கிறார்கள்? அவர் இடத்துக்கு வந்த நிக்கோ மெக்பிரெய்ன்தான் அந்தக் கச்சேரிகளில் ட்ரம்ஸ் வாசித்தார் என்பது எனக்கு எப்போதும் தொண்டையை அடைக்கிற விஷயம். கடைசிக்காலம் வரை உடனிருந்து பார்த்துக்கொண்ட அவருடைய துணைவியாருக்கும் எங்கள் வணக்கம். நோய் முற்றிய நாட்களிலும் கிளைவின் கிண்டல் குறையவில்லை என்று அஞ்சலியில் மெய்டன் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் சிரிப்பு இருந்திருக்கிறது என்பதே ஒரு ஆறுதல்.

சென்னையிலிருந்து ஃபோனிலேயே கூட்டத்தில் கலந்துகொண்ட நண்பர்களுக்கு: ஒலி விட்டுவிட்டு வந்தது, மன்னிக்கவும். 2007 மார்ச்சில் மெய்டன் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்து பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது, ரிசர்வேஷன் கிடைக்காமல் இரவு ரயிலில் கழிவறைப் பக்கம் உட்கார்ந்தே போன கதையை நீங்கள் சொன்னதுதான் அன்று பெரிய சிரிப்பு. அந்த மேடையில் கிளைவ் இல்லை. ஆனாலும் அவர் உருவாக்கிய தாளத்துக்குத்தான் நீங்கள் அங்கே குதித்தீர்கள்.

ஹாலுக்குப் பக்கத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு: ஒன்பதரைக்கு நிறுத்துகிறோம் என்று சொல்லியிருந்தோம். ‘ஹாலோட் பீ தை நேம்’ கொஞ்சம் நீண்ட பாட்டு. பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்து நின்ற அம்மா திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தோம். குழந்தை அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறது, நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி கணக்கு. உண்டியலில் சேர்ந்த முழுத் தொகையும் எம்.எஸ். நோயாளிகளுக்காக இயங்கும் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது. ஹால் வாடகையையும் வேன் பெட்ரோலையும் ஏற்பாட்டாளர்களே பகிர்ந்துகொண்டார்கள். ரசீதின் பிரதி ரோல்ஸ் அனுப்பிய அக்காவின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

விட்டுப்போன சாமான்களும் அங்கேதான் இருக்கின்றன: பேட்ச் தைத்த டெனிம் ஜாக்கெட் ஒன்று, ஒரு ஜோடி ஸ்டிக், மூடியில்லாத டிஃபன் டப்பா, இடது கைக் கையுறை. ஜாக்கெட் பையில் ரயில் கார்டு இருக்கிறது, அதில் பணமும் இருக்கலாம், சீக்கிரம் வாருங்கள். வரும்போது ரோல்ஸ் தட்டுகளை யாராவது வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் அதையும் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், அக்கா ரெண்டு தட்டு குறைகிறது என்கிறார்.

அன்புடன்,
ஏற்பாட்டாளர்கள் சார்பில்,
மெய்டன் ரசிகன் ஒருவன்
ஈஸ்ட் ஹாம்