டிஸ்சார்ஜ் ஆன மறுநாள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலி பேட்டையில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்சிங் அசிஸ்டென்ட். நர்ஸ் இல்லை, ஊசி போட மாட்டேன், மருந்தை மாற்ற மாட்டேன். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்றுவது, யூரின் பையைக் காலி செய்து அளவைக் குறித்துவைப்பது, இதுதான் என் பிழைப்பு.

முக்கூடலில் ஒரு வீடு. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க கார்டிலேயே முடிந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்சார்ஜ் ஆன பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் புரட்டிப் பார்த்தால், வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். குதிகாலும் சிவந்திருந்தது. பழைய சேலை ஒன்றை மடித்துக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்து, குதிகால் படுக்கையில் படாமல் தூக்கிவிட்டேன். அவர் மனைவி பீடித்தட்டை மடியில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க புரட்டிப் போடச் சொல்லலியா அத்தை?”

“சொன்னாவ தாயி. நான் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா பீடி யாரு சுத்த?”

அப்புறம் அவரே கேட்டார்: “இந்தக் கார்டுல ஒனக்குச் சம்பளம் வராதா?”

வராது. அதனால்தான் இந்த மடல்.

2009-இல் வந்த திட்டம் இது. பெயர் மாறிய பிறகும் எங்கள் பக்கம் பலருக்கு அது ‘கலைஞர் கார்டு’தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கான பணம். புண் சீழ் பிடித்து அவர் மறுபடி அட்மிட் ஆனால் கார்டு கைகொடுக்கும். அந்தப் புண் வராமல் தடுக்கிற கைக்கு ஒரு ரூபாய் கிடையாது. இது என்ன கணக்கு?

2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல திட்டம். சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்பு நர்சும் வருகிறார்கள். ஆனால் புரட்டிப் போடும் வேலை தினமும் இருக்கிறது, ராத்திரியிலும் இருக்கிறது.

ஏஜென்சி வழியாகவும் வேலை பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்கு அந்த வீட்டார் 900 ரூபாய் கட்டினார்கள். என் கைக்கு வந்தது 600. கேட்டதற்கு அடுத்த டியூட்டியே தரவில்லை. அதோடு தனியாக வந்துவிட்டேன். தனியாக வந்தால் லீவு இல்லை, பி.எஃப். இல்லை, நோயாளி இறந்துபோனால் அன்றோடு வேலையும் இல்லை. நர்சிங் கவுன்சில் பதிவேட்டிலும் எங்களைப் போன்றவர்களுக்கு இடமில்லை.

அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு மெடிக்கெய்டு, 1965-இல் தொடங்கியது. அங்கே ஒஹாயோ போன்ற சில மாநிலங்களில் ஏஜென்சி இல்லாமலேயே ஒருவர் தன் பெயரில் பதிந்துகொண்டு, வீட்டு நோயாளியைப் பார்த்துவிட்டு அரசுக்கே பில் போடலாம். எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பதை போன் போன்ற மின்னணு வழியில் பதிய வேண்டும் என்று 2016-இல் சட்டமே போட்டார்கள். அங்கேயும் வரியை அவரே கட்டிக்கொள்ள வேண்டும், தொல்லை இல்லாமல் இல்லை. ஆனாலும் வழி என்று ஒன்று இருக்கிறது.

எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். சும்மா கேட்கவில்லை. பரீட்சை வையுங்கள், போலீஸ் விசாரணை நடத்துங்கள், கிராம சுகாதார செவிலியர் வந்து புண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். திருட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் எங்களிலும் உண்டு, அவர்களைப் பட்டியலிலிருந்து தூக்குங்கள். முதலில் திருநெல்வேலியில் ஒரே ஒரு வட்டாரத்தில், பக்கவாதம் வந்து டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு மட்டும், முதல் மூன்று மாதத்துக்குச் செய்து பாருங்கள். மறுபடி அட்மிட் ஆகிறவர்களின் கணக்கு உங்களிடமே இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

முக்கூடல்காரருக்குப் புண் இப்போது ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள்தான் என்னால் போக முடிகிறது, பஸ் காசும் கையில் கொடுப்பதும்தான் கூலி. மற்ற நான்கு நாள் பத்தாவது படிக்கும் மகள் புரட்டிப் போடுகிறாள். அவளுக்கு மார்ச்சில் பரீட்சை.

இப்படிக்கு,
ஒரு நர்சிங் அசிஸ்டென்ட்,
பேட்டை, திருநெல்வேலி