திரும்பிப் போகாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேஸ்பால் வீரர்கள் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்தாலும் ரசிகர்கள் சில நாள் முணுமுணுத்துவிட்டு வந்துவிடுவார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். மொன்றியலில் இருந்துகொண்டு அதை வாசிக்கச் சிரிப்புத்தான் வந்தது.

1994-இல் எங்கள் ஊர் பேஸ்பால் அணியான எக்ஸ்போஸ் 74 ஆட்டங்களில் வென்று, 40-இல் மட்டும் தோற்று, எல்லா அணிகளுக்கும் மேலே நின்றது. நான் அப்போது ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கிரிக்கெட் மட்டுமே தெரிந்த எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லித் தந்தவன் எட்டு வயது மகன். செப்டம்பர் ஆட்டமொன்றுக்கு இரண்டு நுழைவுச்சீட்டு வாங்கி, சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். ஆகஸ்ட் 12-ஆம் திகதி வேலைநிறுத்தம் தொடங்கியது. செப்டம்பர் 14-ஆம் திகதி, அந்த ஆண்டு, வெற்றிக்கிண்ணத்துக்கான கடைசிப் போட்டியான உலகத் தொடரே கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் நிற்காத தொடர் அது!

வீரர்களை மட்டும் குறை சொல்லமாட்டேன். சம்பளத்துக்கு உச்சவரம்பு கட்டப் பார்த்தவர்கள் அணி முதலாளிகள். நானும் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டியவன். ஆனால் 232 நாள் இழுபறியில் காசு கொடுத்துப் பார்க்கிறவனை யார் நினைத்தார்கள்?

1995 ஏப்ரலில், ஆட்டம் தொடங்குமுன்பே, செலவைக் குறைக்கவென்று எங்கள் முக்கிய வீரர்கள் கிரிஸம், வெட்லண்ட், ஹில் மூவரையும் வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார்கள். வாக்கரும் போய்விட்டார். வேலைநிறுத்தக் கோபத்தில் நியூயோர்க்கில் மூன்று ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடி வீரர்கள்மீது டொலர் தாள்களை வீசினார்கள். எங்கள் வீட்டில் அந்த ஆர்ப்பாட்டமெல்லாம் இல்லை. “போவோமா?” என்று மகனைக் கேட்டேன். “வேண்டாம் அப்பா” என்றான், கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே. அந்த ஒக்டோபரில் அட்லாண்டா அணி உலகத் தொடரை வென்றபோது கடைசிப் பந்தைப் பிடித்தவர், அந்த அணிக்குப் போயிருந்த எங்கள் கிரிஸம். நான் கூப்பிட்டும் மகன் தொலைக்காட்சிப் பக்கம் வரவில்லை.

1998-இல் மெக்வயர் என்ற வீரர் ஒரே ஆண்டில் 70 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தபோது மற்ற ஊர்களில் கூட்டம் திரும்பியது உண்மைதான். (ஊக்கமருந்து எடுத்ததைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார், அது வேறு கதை.) எங்களுக்கோ திரும்பிப் போக அணியே மிஞ்சவில்லை, 2005-இல் வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

வீரர்களுக்கும் முதலாளிகளுக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் திகதி முடிகிறது. பழைய உச்சவரம்புப் பேச்சு மறுபடி அடிபடுகிறது. என் பேரன் கூடைப்பந்து ஆடுகிறான். பேஸ்பாலை அவனுக்குச் சொல்லித்தர அவன் அப்பா ஒருநாளும் முயலவில்லை.

இப்படிக்கு,
மொன்றியல் வாசகர் ஒருவர்